குறும்பதிவுத் தளம்: ஒரே நிறுவனத்திடம் இருப்பதா, பரவலாக்கப்பட்ட வலைக்கு மாறுவதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கலைச்சொற்களைப் பற்றி எழுதும் சிறிய குழு ஒன்றின் குறும்பதிவுக் கணக்கை ஆறு ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். நாளுக்கு ஒரு சொல், அதன் வேர், அது புழங்கும் இடம் என்பதற்கு மேல் அதில் எதையும் நாங்கள் எழுதியதில்லை. சென்ற மாதம் ஒருநாள் காலையில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டு அனுப்பிய மடல்கள் அனைத்திற்கும் தானியங்கிப் பதில்களே வந்தன. பதினொரு நாள் கழித்து, முடக்கியபோது எப்படி விளக்கம் இல்லையோ அப்படியே திறந்தபோதும் விளக்கம் ஏதுமின்றிக் கணக்கு திரும்பி வந்தது.

முடக்கத்தைவிட, அந்தப் பதினொரு நாளில் நான் உணர்ந்த ஒன்றுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. எங்களைப் பின்தொடரும் சில ஆயிரம் பேரில் ஒருவரைக்கூட அந்தத் தளத்திற்கு வெளியே எங்களால் எட்ட முடியாது. அவர்கள் யார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

நண்பர்களிடம் கேட்டபோது ஒருவர் மாஸ்டடான் என்றார், இன்னொருவர் புளூஸ்கை என்றார், மூன்றாமவர் நாஸ்டர் என்றார். மூன்றுமே தம்மைப் பரவலாக்கப்பட்டவை என்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் மூன்றும் அந்தச் சொல்லை ஒரே பொருளில்தான் ஆள்கின்றனவா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் கையிலிருந்து விலகி, முகம் தெரியாத ஒரு வழங்கி (சர்வர்) நடத்துநரின் கைக்குப் போவதில் எனக்கு என்ன கிடைக்கிறது, எதை இழக்கிறேன் என்பதைப் பட்டறிவு உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1

நடுத்தர அளவிலான ஒரு மாஸ்டடான் வழங்கியில் மூன்று ஆண்டுகள் மட்டுறுத்துநராக (பதிவுகளையும் கணக்குகளையும் கண்காணிப்பவராக) இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு அதன்மேல் பற்று உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"கணக்கு" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் நான்கு பொருள்களின் மூட்டை: உங்கள் பெயர், உங்கள் பதிவுகள், உங்களைப் பின்தொடர்வோரின் பட்டியல், உங்களை வெளியேற்றும் அதிகாரம். மையப்படுத்தப்பட்ட தளத்தில் இந்த நான்கும் ஒரே கையில் இருக்கின்றன. கை மாறினால் நான்கும் சேர்ந்தே மாறுகின்றன. ட்விட்டர் 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2023 ஜனவரியில், பல ஆண்டுகளாக மக்கள் பயன்படுத்திவந்த பிறருடைய செயலிகள் துண்டிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், கட்டணம் செலுத்தாதவர் ஒரு நாளில் எத்தனை பதிவுகளைப் படிக்கலாம் என்பதற்கே சிறிது காலம் வரம்பு வைக்கப்பட்டது. அம்மாத இறுதிக்குள் தளத்தின் பெயரே எக்ஸ் என்று மாறிவிட்டது. இவற்றில் எதுவும் உரிமையாளரின் அதிகாரத்தை மீறியதன்று என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்குள் போகாமலே, தங்கியிருப்பவருக்கு அந்த வீட்டில் ஒரு சாவிகூட இல்லை என்று சொல்லிவிடலாம்.

மாஸ்டடானை ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்டார். இன்று அது ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறையில், அதாவது வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது விதிகளில், இயங்குகிறது. அந்த நெறிமுறையை, வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக ஏற்றது. மின்னஞ்சல் முகவரியைப் போலவே இங்கும் உங்கள் முகவரியில் பெயரும் வழங்கியின் பெயரும் சேர்ந்திருக்கும். நீங்கள் ஒரு பதிவை இட்டால், உங்களைப் பின்தொடர்வோர் எந்தெந்த வழங்கிகளில் இருக்கிறார்களோ அந்தந்த வழங்கிக்கு உங்கள் வழங்கி ஒரு படியை அனுப்பிவைக்கும். எல்லாவற்றையும் ஒருசேர வைத்திருக்கும் நடுக்கிடங்கு என்று ஒன்று கிடையாது.

இந்த ஒரு வடிவமைப்பிலிருந்தே நன்மைகளும் தொல்லைகளும் சேர்ந்து முளைக்கின்றன. ஒரு பதிவுக்கு வந்த மறுமொழிகளில் உங்கள் வழங்கிக்கு வந்து சேர்ந்தவை மட்டுமே உங்களுக்குத் தெரியும் என்பதால், ஒரே உரையாடல் இருவருக்கு இரு வேறு நீளத்தில் தெரிவதுண்டு. அண்மைய பதிப்புகள் விடுபட்ட மறுமொழிகளைத் தேடிக் கொண்டுவர முயல்கின்றன, இருந்தும் குறை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. விருப்பக் குறிகளின் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் வேறுபடும். பதிவை நீங்கள் நீக்கினால் பிற வழங்கிகளுக்கு நீக்கக் கோரிக்கை போகும். பெரும்பாலானவை அதற்கு இணங்கும், இணங்கித்தான் ஆக வேண்டும் என்று அவற்றைக் கட்டாயப்படுத்த வழியில்லை. ஓர் இணைப்பைப் பகிர்ந்தால் அதன் முன்னோட்டத்தைத் திரட்ட ஒவ்வொரு வழங்கியும் தனித்தனியே அந்த வலைத்தளத்தின் கதவைத் தட்டும். சிறிய தளங்கள் இந்த நெரிசலில் திணறியதை நானே பார்த்திருக்கிறேன். தனிச்செய்திகளுக்கு, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கம் இல்லாததால், வழங்கியின் நடத்துநர் நினைத்தால் அவற்றைப் படிக்க முடியும். படித்ததில்லை என்று நான் சொல்வதை நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

உங்கள் கவலைக்கு நேரடியாக வருகிறேன். மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். அப்போது பின்தொடர்வோரில் பெரும்பாலோர் தாமாகவே உங்கள் புதிய முகவரிக்கு மாற்றப்படுவார்கள். பழைய பதிவுகள் உடன் வருவதில்லை. ஆவணக் கோப்பாக அவற்றைத் தரவிறக்கிக்கொள்ளலாமே தவிர, புதிய கணக்கில் ஏற்ற முடியாது. உங்களுக்கு இதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று உண்டு. இந்தக் குடிபெயர்வைப் பழைய வழங்கிதான் அறிவிக்க வேண்டும். அது உயிரோடும் உங்களுக்கு இணக்கமாகவும் இருந்தால்தான் அது நடக்கும். முன்னறிவிப்புடன் மூடும் நடத்துநர்கள் பயனர்களுக்குச் சில மாதங்கள் அவகாசம் தருகிறார்கள், அப்போது சிக்கல் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீட்டில் பெயர் பதிந்திருந்த ஒரு வழங்கி, 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் பெயர் பறிக்கப்பட்டதால் இணையத்திலிருந்து மறைந்தது. வழங்கி எங்கோ நலமாக இயங்கிக்கொண்டிருக்க, பெயர் மட்டும் போனதே போதுமானதாயிற்று.

நடத்துநர் இன்னொரு முதலாளிதானே என்று கேட்டிருந்தீர்கள். ஆம், சிறிய முதலாளி. ஆனால் நீங்கள் எழுதும் கடிதத்திற்கு அவர் பதில் எழுதுவார். நான் இருந்த வழங்கியில் ஒரு கணக்கை நிறுத்துவதற்கு முன் இருவர் உட்கார்ந்து பேசுவோம். பயனர் பெருகப் பெருக அந்த இருவரும் தூக்கம் கெட்டு ஒதுங்கிப்போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊதியமில்லாத உழைப்பின்மேல்தான் இந்த வலையின் பெரும்பகுதி நிற்கிறது.


மறுமொழி 2

மேலே எழுதியவர் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் மையப்படுத்தப்பட்ட தளத்தின் தரப்பில் ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கலைச்சொல் கணக்கின் பயன் பெரும்பாலும் அதைத் தேடி வராதவர்களிடம்தான் போய்ச் சேருகிறது. யாரோ ஒருவர் ஒரு சொல்லைத் தேடுகிறார், மூன்றாண்டுக்கு முன் நீங்கள் எழுதிய பதிவு அவர் கண்ணில் படுகிறது. இது ஒரே கிடங்கு இருப்பதால் கிடைக்கும் வசதி. மாஸ்டடானில் பதிவின் முழு உரையிலும் தேடும் வசதி 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பில்தான் பொதுப் பதிவுகளுக்குப் பரவலாகக் கிடைத்தது. அதிலும் பதிவை எழுதியவர் இசைவு தந்திருக்க வேண்டும், உங்கள் வழங்கிக்கு அந்தப் பதிவு வந்திருக்கவும் வேண்டும். தொல்லை தருவோரிடமிருந்து காத்துக்கொள்ள அந்தச் சமூகம் விரும்பியே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அது என்பதை அறிவேன். உங்கள் குழுவுக்கு அது பாதுகாப்பு அன்று, வெறும் தடை.

மின்னஞ்சல் உவமையையும் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மின்னஞ்சலும் யார் வேண்டுமானாலும் வழங்கி நடத்தக்கூடிய திறந்த நெறிமுறைதான். ஆயினும் இன்று மிகப்பெரும்பாலானோரின் அஞ்சல்பெட்டி விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடம் இருக்கிறது. சொந்த வழங்கியிலிருந்து அனுப்பும் மடல் எரிதம் (ஸ்பேம்) என்று ஒதுக்கப்படாமல் போய்ச் சேருவதே பெரும்பாடு. நெறிமுறை திறந்திருப்பதாலேயே அதிகாரம் பரவிவிடும் என்று எண்ணுவது பிழை.


மறுமொழி 3

இரண்டாவது மறுமொழியின் கடைசி வாக்கியத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். புளூஸ்கையைப் பற்றிப் பேசும்போது அதைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும். அதன் நெறிமுறையான ஏடி புரோட்டோகாலைக் கொண்டு சிறு கருவிகள் எழுதிப் பழகியவன் நான்.

இந்தத் திட்டத்தை 2019 டிசம்பரில் அறிவித்தவர் அப்போது ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டார்சி. மையத் தளமே தனக்கு மாற்றைத் தேடத் தொடங்கிய கதை இது. பின்னர் அது தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே எவரும் சேரலாம் என்ற நிலைக்கு வந்தது. மாஸ்டடான் ஊர் ஊராகப் பிரித்து வைத்த வேலையை இது பணிவாரியாகப் பிரிக்கிறது. உங்கள் பதிவுகள் ஒரு தரவு வழங்கியில் இருக்கும். எல்லாத் தரவு வழங்கிகளிலிருந்தும் வருவதை ரிலே என்பது ஒரே ஓடையாகத் திரட்டும். அந்த ஓடையை வாங்கி, எண்ணி, அடுக்கி, செயலிக்குக் காட்டக்கூடிய வடிவில் தருவது மூன்றாவது அடுக்கு. அதனால்தான் இங்கே தேடலும் எண்ணிக்கைகளும் மறுமொழிகளும் மையத் தளத்தில் போலவே நிறைவாகத் தெரிகின்றன.

கேட்டவருக்கு இதில் முக்கியமானது அடையாளம். மாஸ்டடானில் வழங்கியின் பெயர் உங்கள் முகவரிக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. புளூஸ்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. பின்தொடர்வோர் உண்மையில் பின்தொடர்வது அந்த எண்ணைத்தான். கண்ணுக்குத் தெரியும் பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. உங்கள் சொந்த டொமைன் பெயரையே அந்தச் சீட்டாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு அந்த டொமைனின் டிஎன்எஸ் (பெயரை வழங்கியோடு இணைக்கும் முகவரிப் பட்டியல்) பதிவில் ஒரு வரி சேர்த்தால் போதும். வழங்கியை மாற்றினாலும் பின்தொடர்வோரும் பதிவுகளும் அப்படியே இருப்பார்கள். மீட்புச் சாவி ஒன்றை முன்கூட்டியே உங்கள் கையில் வைத்திருந்து, பதிவுக் களஞ்சியத்தின் படியையும் அவ்வப்போது எடுத்துவைத்திருந்தால், பழைய வழங்கி ஒத்துழைக்க மறுத்தாலும் வெளியேற வழி உண்டு. முதல் மறுமொழியில் சொல்லப்பட்ட குறைக்கு இது நல்ல விடை.

இதன் மறுபக்கமும் உண்டு. மிகப்பெரும்பாலான கணக்குகள் அந்த நிறுவனத்தின் வழங்கிகளிலேயே இருக்கின்றன. எல்லோரும் பார்க்கும் செயலியின் பின்னால் இருப்பதும் அதே நிறுவனத்தின் மூன்றாம் அடுக்குதான். உங்கள் தரவு உங்கள் வீட்டு வழங்கியிலேயே இருந்தாலும், அந்த அடுக்கில் உங்களை மறைத்துவிட்டால் பெரும்பாலானோர் கண்ணுக்கு நீங்கள் இல்லை. தனிச்செய்தி வசதியும் நெறிமுறைக்குள் வராமல் நிறுவனத்தின் சொந்தச் சேவையாகவே சேர்க்கப்பட்டது. இதே நெறிமுறையில் இயங்கும் பிளாக்ஸ்கை போன்ற குழுக்கள் தமக்கென ரிலேயும் தரவு வழங்கியும் அமைத்திருப்பதால், பிரிந்து நிற்பது ஏட்டளவில் மட்டும் இல்லை என்று தெரிகிறது. ஆனால் அதற்கு வேண்டிய பணமும் ஆளும் ஒரு சிறிய மாஸ்டடான் வழங்கிக்கு வேண்டியதைவிட மிக அதிகம்.

மட்டுறுத்தலில் மட்டும் எனக்கு இது பிடித்திருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து எவரும் குறிச்சீட்டுச் சேவை ஒன்றைத் தொடங்கிப் பதிவுகளுக்கும் கணக்குகளுக்கும் அடையாளம் இடலாம். எந்தச் சேவையின் சீட்டை ஏற்பது, கண்டால் மறைப்பதா எச்சரிப்பதா என்பதைப் பயனரே முடிவு செய்கிறார்.


மறுமொழி 1 எழுதியவர்

குறிச்சீட்டு முறை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முற்றுகைக்கு அது போதாது என்பது என் எண்ணம். 2019இல், வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன காப் என்னும் தளம் மாஸ்டடானின் திறமூல நிரலை எடுத்துக்கொண்டு இந்த வலைக்குள் வந்தது. நிரலைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை, அவர்களை வெளியேற்ற ஒரு தலைமை அலுவலகமும் இல்லை. நடந்தது என்னவென்றால், பெரும்பாலான வழங்கிகள் ஒவ்வொன்றாகத் தத்தம் கதவைச் சாத்திக்கொண்டன. சில செயலிகளும் அதன் பெயரை உள்ளே நுழைய முடியாதபடி தடுத்தன. அந்தத் தளம் தொடர்ந்து இயங்கியது, ஆனால் பேச ஆளில்லாமல் தனித்தீவாகிப் போனது. பேச உரிமை உண்டு, கேட்கும் கடமை பிறருக்கு இல்லை என்பதை இவ்வளவு துலக்கமாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதே கருவி சிறுபிள்ளைத்தனமாகப் பயன்படுவதும் உண்டு. இரண்டு நடத்துநர்களுக்குள் மனக்கசப்பு வந்து, அதனால் இரு பக்கத்திலும் இருந்த நூற்றுக்கணக்கானோரின் தொடர்பு ஒரே இரவில் அறுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வழங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் விதிகளைவிட, அது எந்தெந்த வழங்கிகளை எந்தக் காரணத்துக்காகத் துண்டித்திருக்கிறது என்ற பட்டியலைப் படியுங்கள். பல வழங்கிகள் அதை வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. நடத்துநரின் குணம் அதில் தெரிந்துவிடும்.


கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். எந்த வலை என்பதைவிட, பெயர் யாருடையது என்பதே முதல் கேள்வி. எங்கள் குழுவுக்குச் சொந்தமான டொமைன் பெயர் ஒன்று பயன்படாமல் கிடக்கிறது. அதை வைத்து நாங்களே ஒரு மாஸ்டடான் வழங்கி நடத்துவது அறிவுடைமையா? நாஸ்டரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே?


மறுமொழி 4

நாஸ்டரைப் பற்றி நான் சொல்கிறேன், சொல்ல அதிகம் இல்லை. 2020இல் தோன்றிய அந்த நெறிமுறையில் கணக்கு என்பதே கிடையாது. பொதுச் சாவி ஒன்றும் அந்தரங்கச் சாவி ஒன்றும் சேர்ந்த ஒரு சாவி இணை உண்டு. நீங்கள் எழுதுவதை அந்தரங்கச் சாவியால் ஒப்பமிட்டு, அங்கே ரிலே எனப்படும் வழங்கிகளில் விரும்பியவற்றுக்கு அனுப்புகிறீர்கள். ஒரு ரிலே மறுத்தால் இன்னொன்று ஏற்கும், எனவே உங்களுக்கு நடந்த முடக்கம் அங்கே நடக்க வழியில்லை. ஆனால் அந்தரங்கச் சாவி தொலைந்தால் மீட்டுத் தர ஒருவரும் இல்லை. அது பிறர் கைக்குப் போனால் பூட்டை மாற்றவும் முடியாது. பலர் சேர்ந்து கவனிக்கும் ஒரு குழுக் கணக்கின் சாவியை நான்கு பேரிடம் கொடுத்துவைப்பதை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஒரு கணக்குக்காக மாஸ்டடான் வழங்கியை நடத்துவதும் வேண்டாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தற்காலிகத் தரவுகளுக்கு ரெடிஸ், பின்னணிப் பணிகளுக்கு ஒரு வரிசை என்று அதற்கு உறுப்புகள் பல. நீங்கள் பின்தொடர்பவர்கள் இடும் படங்களின் படிகளெல்லாம் உங்கள் வட்டில் வந்து குவியும். அவ்வப்போது துப்புரவு செய்யாவிட்டால் வட்டு நிரம்பி வழங்கி நின்றுவிடும். ஆக்டிவிட்டிபப் பேசும் இலகுவான மென்பொருள்கள் இருக்கின்றன, கோடுசோஷியல் அவற்றுள் ஒன்று.

ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. உங்கள் டொமைனில் ஒரு வேர்ட்பிரஸ் தளம் அமையுங்கள். அதற்கான ஆக்டிவிட்டிபப் செருகியை (கூடுதல் வசதி சேர்க்கும் துணைநிரலை) 2023இல் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதை நிறுவினால் மாஸ்டடானில் இருப்பவர்கள் உங்கள் வலைத்தளத்தையே ஒரு கணக்கைப் போலப் பின்தொடரலாம். ஒவ்வொரு சொல்லும் தனக்கென நிலையான பக்கத்தோடு இருக்கும். இரண்டாவது மறுமொழியில் எழுப்பப்பட்ட தேடல் குறையும் அதனால் தீர்கிறது, ஏனெனில் தேடுபொறிகள் அந்தப் பக்கங்களை நேரடியாகக் கண்டெடுக்கும். உங்கள் பதிவுகளைப் புளூஸ்கைக்கும் கொண்டுசேர்க்கப் பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் உண்டு. அல்லது அங்கே தனிக் கணக்கு தொடங்கி, அதே டொமைனைப் பெயராக வையுங்கள். பழைய தளத்திலும் தொடர்ந்து எழுதுங்கள். அங்கிருப்பவர்கள் உங்களோடு சேர்ந்து இடம் மாறுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், பலர் மாற மாட்டார்கள்.


மறுமொழி 2 எழுதியவர்

இந்த ஏற்பாட்டுக்கு என் தரப்பில் மறுப்பு இல்லை. ஒரே ஒரு திருத்தம்: பழைய தளத்தில் முழுப் பதிவையும் இடாமல் இணைப்பை மட்டும் இட்டால் சொடுக்கி வருபவர் மிகக் குறைவாகவே இருப்பார்கள். சொல்லையும் விளக்கத்தையும் முழுதாக அங்கேயே எழுதி, இணைப்பைக் கடைசியில் வையுங்கள்.


மறுமொழி 1 எழுதியவர்

மாஸ்டடான் வழங்கி ஒன்றில் முதலில் கணக்கு தொடங்கிப் பழகிவிட்டு, பிறகு வேறு வழங்கிக்கு மாறுவதென்றால், வரிசை முக்கியம். புதிய கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்த்த பிறகுதான் பழைய கணக்கிலிருந்து குடிபெயர்வைத் தொடங்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஏற்காது. நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியல் தானாக வராது, முன்கூட்டியே கோப்பாக எடுத்துப் புதிய கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறை குடிபெயர்ந்தால் மறுமுறை பெயர 30 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே வழங்கியின் துண்டிப்புப் பட்டியலை மாறிய பிறகு படிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.